சம்பங்கியின் சீட்டி

சம்பங்கி பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும். எதிர்வீட்டுக்குக் கேட்காது. பிறவியிலேயே அப்படியில்லை. ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் லைன் லீடராக இருந்தபோது, ஓடுகிற மெஷின்களுக்கு மேலே இவள் குரல் கேட்கும். அப்புறம் கழுத்தில் தைராய்டுக் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல் நரம்பு பாதிக்கப்படலாம் என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். பாதித்துவிட்டது. கட்டி போய்விட்டது, அதோடு குரலும் போனது. காற்றில் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் மிச்சம்.

மெஷின் இரைச்சலில் அந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேலையை விட்டுவிட்டு, தொரப்பள்ளி பக்கம் மாமனார் வழியில் வந்த ஒரு ஏக்கரில் தக்காளியும் ராகியும் போட்டாள். கணவன் மாதேஸ்வரன் ஷிப்ட்டுக்குப் போவான். மகள் சுவேதா கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். பகல் முழுக்க நிலத்தில் சம்பங்கி தனி.

ஒரு மத்தியானம் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியோரம் பாசியில் கால் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் புரண்டுவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. போன் வேப்பமரத்தில் தொங்குகிற பையில். வேலிக்கு அந்தப் பக்கம் மண்ரோட்டில் பைக்குகள் போய்க்கொண்டே இருந்தன. கத்தினாள். வெறும் மூச்சுதான் வந்தது. பக்கத்து நிலத்துக்காரர் சென்னகிருஷ்ணன் தன் மொபெட்டில் நிதானமாகப் போவதை வேலி இடுக்கு வழியாகப் பார்த்தாள். மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். அது வேலிக்கு இந்தப் பக்கமே விழுந்தது. சாயங்காலம் மாதேஸ்வரன் தேடிக்கொண்டு வரும்வரை அங்கேயே கிடந்தாள்.

காலில் கட்டோடு அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்: "ஒரு நாய் வேணுங்க."

"காவலுக்கா?"

"காவலுக்கு இல்ல. நான் எங்க இருந்தாலும் கூப்ட்டா எங்கிட்ட வரணும். அது நின்னு கொரைச்சா நாலு பேருக்குக் கேக்கும். அப்பிடி ஒண்ணு."

"கூப்ட்டாதான நாய் வரும். நீ எப்பிடிக் கூப்பிடுவ?"

சொன்ன பிறகுதான் மாதேஸ்வரனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. சம்பங்கி தட்டில் இருந்த களியை ஒரு உருண்டை உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அத நான் பாத்துக்கறன்," என்றாள்.

கால் சரியானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரனே பைக்கில் கூட்டிப்போனான். குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாக ஒருவன் வேனில் கம்பிக்கூண்டு வைத்து நாய்க்குட்டி விற்பதாகக் கம்பெனியில் யாரோ சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பஞ்சு பஞ்சாக வெள்ளைக் குட்டிகள். அதில் ஒன்று ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மாதேஸ்வரனுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"எவ்ளோ சாதுவா இருக்குது பாரு," என்றான்.

சம்பங்கி கையில் எடுத்தாள். உடம்பு எலும்பும் தோலுமாக இருக்க, வயிறு மட்டும் உப்பிப்போய்க் கெட்டியாக இருந்தது. கண்ணோரம் பீளை. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள், ஈறு வெளுத்திருந்தது. இத்தனை லாரி ஹாரன் அடித்தும் ஒரு காதுகூட அசையவில்லை.

"இதோட தாய் எங்க?" என்று கேட்டாள். விற்பவனுக்குக் கேட்கவில்லை. மாதேஸ்வரன் திருப்பிக் கேட்டான்.

"தாய் ஊர்ல இருக்குதுண்ணா." எந்த ஊர் என்றதற்கு அவன் பெங்களூர் பக்கமாகக் கையை வீசினான்.

சம்பங்கி குட்டியைக் கூண்டுக்குள் வைத்தாள்.

"பாவம், தூக்கிட்டுப் போயி நாமளே வைத்தியம் பாக்கலாமே," என்றான் மாதேஸ்வரன்.

அவளுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. பைக்கில் வீடு திரும்பும் வழியெல்லாம் உள்ளங்கையில் அந்தக் குட்டியின் சூடு இருந்தது. விட்டுவிட்டு வந்தது தப்போ என்று இரண்டு மூன்று தடவை நினைத்தாள். ஆனால் இது கொஞ்சுவதற்கு வளர்க்கிற நாய் இல்லை. தன் உயிரை ஒருநாள் இதை நம்பி வைக்க வேண்டியிருக்கும். இரக்கப்பட்டு எடுக்கக்கூடாது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

மறுநாள் அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தாள். டாக்டர் ஜெயப்ரியா இளவயது. "நாய் எங்கம்மா?" என்று கேட்டார்.

"இன்னும் வாங்கல மேடம். எப்பிடிப் பாத்து எடுக்கறதுன்னு கேக்க வந்தன்."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்தாலும், வெளியே ஆடுகளும் மாடுகளும் காத்திருக்கிற நேரத்தில் பொறுமையாகச் சொன்னார். தாயைப் பார்க்காமல் குட்டி எடுக்காதீர்கள். தாய் ஆளைக் கண்டு பயந்து நடுங்கினாலோ காரணமில்லாமல் கடிக்க வந்தாலோ குட்டியும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். கண், மூக்கு ஒழுகக்கூடாது. காதை மோந்து பார்த்தால் நாற்றம் அடிக்கக்கூடாது. வாலுக்குக் கீழே பேதி ஒட்டியிருக்கக்கூடாது. தனியாக ஒதுங்கிப் படுக்கிற குட்டி வேண்டாம். மற்றதையெல்லாம் மிதித்துக்கொண்டு வருகிற முரட்டுக் குட்டியும் முதல்முதலாக வளர்ப்பவர்களுக்குக் கஷ்டம். ஒரே நாளில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், இரண்டு மூன்று தடவை போங்கள்.

"தாய்கிட்ட ரெண்டு மாசமாவது இருக்கட்டும். எடுத்ததும் இங்க கூட்டிட்டு வாங்க. பூச்சி மருந்தும் ஊசியும் போட்டுடலாம்."

ஊரில் சரசம்மா பால்மாடு வைத்திருந்தாள். கன்னடம் பேசுகிற குடும்பம். அவள் மாட்டுக்கொட்டகையில் செவலை நிற நாட்டு நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. சம்பங்கி போய் நின்றதும் தாய்நாய் எழுந்து வந்து மோந்து பார்த்தது, உறுமவில்லை, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. அதுவே அவளுக்குப் பிடித்தது.

"எது வேணுமோ இன்னைக்கே எடுத்துக்கம்மா, என்னால இதுங்க கூட மல்லுக்கட்ட முடியல," என்றாள் சரசம்மா.

"இன்னும் கொஞ்சநாள் போகட்டும்க்கா. நான் வந்து வந்து பாத்துட்டுப் போறன்."

பால் வாங்குகிற சாக்கில் அடிக்கடி போனாள். குட்டிகளுக்கு முதுகுப்பக்கம் நின்று கை தட்டிப் பார்த்தாள், எல்லாக் காதும் திரும்பின. ஒருநாள் அலுமினியத் தட்டைத் தரையில் போட்டாள். குட்டிகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. ஒன்று மட்டும் கொஞ்ச தூரம் ஓடி நின்று, திரும்பி, தட்டுக்கிட்ட வந்து மோந்தது. அப்புறம் அதைப் போட்ட ஆள் யார் என்று பார்ப்பதுபோல் சம்பங்கியின் முகத்தைப் பார்த்தது. அடுத்த தடவையும் அதேதான் வந்தது. மூக்கிலும் முன்னங்காலிலும் மிளகு தூவினமாதிரிப் புள்ளிகள். கண் தெளிவு. ஈறு நல்ல ரோஸ் நிறம். தூக்கினால் கையில் கனத்தது.

"அது பொட்டையாச்சே," என்றாள் சரசம்மா. மாதேஸ்வரனும் அதையே சொன்னான்.

"குடும்பக்கட்டுப்பாடு பண்ணிக்கலாம். டாக்டரம்மா சொல்லியிருக்காங்க," என்று சம்பங்கி முடித்துவிட்டாள்.

போனில் படம் பார்த்த சுவேதா மிளகு என்று பேர் வைத்தாள்.

இனி கூப்பிடுவது. வாய் வார்த்தை ஆகாது. அவளுக்குக் குரல் இருந்திருந்தாலும் அந்தத் தெருவில் ஆகியிருக்காது. மாதேஸ்வரன் "வா வா" என்பான். பால் ஊற்ற வரும் சரசம்மா "பா பா" என்பாள். சென்னகிருஷ்ணன் வீட்டில் தெலுங்கு, அவர் போகிறபோக்கில் "ரா ரா" என்று சொடுக்குவார். குட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, யாரிடமும் போகாமல் உட்கார்ந்துவிடும்.

சம்பங்கி ஓசூரில் ஒரு பிளாஸ்டிக் விசில் வாங்கினாள். வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்தாள். விசிலை மெதுவாக ஊதுவாள், உடனே வேகவைத்த முட்டையில் ஒரு துணுக்கு. ஊதுவது, துணுக்கு. சீக்கிரமே மிளகு எந்த மூலையில் இருந்தாலும் விசிலுக்கு உருண்டு புரண்டு ஓடி வந்தது. அடுத்து வாசல். அடுத்து நிலம். நிலத்தில் நீளமான நைலான் கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டி விட்டாள். ஊதினால் வர வேண்டும், வராவிட்டால் அதட்டாமல் கயிற்றை லேசாக இழுத்து, வந்ததும் துணுக்கு கொடுப்பாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, மாதேஸ்வரன் ஒருநாள் அந்த விசிலை எடுத்து ஊதினான். மிளகு துள்ளிக்கொண்டு வந்தது. வந்ததைப் பிடித்து, தன் கம்பெனி ஷூவைக் கடித்துக் கிழித்ததற்காக முதுகில் ஒன்று போட்டுக் கட்டிவைத்தான். சம்பங்கி நிலத்திலிருந்து வந்து அவிழ்த்துவிட்டு ஊதினால், மிளகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது.

"என்னா பண்ணீங்க?"

"தப்பு பண்ணா அடிக்க வேணாமா?"

"அடிக்கறதுக்கு விசில் ஊதிக் கூப்பிடுவீங்களா? உங்க சூப்பர்வைசர் சம்பளம் தரன்னு கூப்ட்டு அடிச்சா நாளைக்கு நீங்க போவீங்களா?" அவளால் கத்த முடியாது. அந்த மூச்சுக்குரலிலேயே சொன்னாள். மாதேஸ்வரன் விசிலை அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். மறுபடியும் முட்டைத் துணுக்கிலிருந்து தொடங்கினாள்.

இரண்டாவது சோதனையை டவுன் பஸ் கொண்டு வந்தது. கயிறு இல்லாமலேயே மிளகு வரத் தொடங்கிய சமயம். ஒரு காலையில் ஸ்டாப்பிங்கில் பஸ் நிற்க, ஆட்கள் ஏற, கண்டக்டர் விசில் ஊதினார். தக்காளிச் செடிகளுக்கு நடுவில் நின்ற மிளகு காதை உயர்த்தியது. அடுத்த நொடி வேலியைத் தாண்டி ரோட்டில் ஓடியது. சம்பங்கி பின்னாலேயே ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது மிளகு பஸ்ஸின் முதல் படியில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாரும்மா இது, டிக்கெட் எடுக்குமா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

சம்பங்கியும் சிரித்துக்கொண்டேதான் நாயைத் தூக்கினாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும்தான் உறைத்தது. பஸ்ஸுக்குப் பதிலாக லாரி வந்திருந்தால்? விசிலைத் தூக்கிப் பரணில் போட்டாள். இத்தனை நாள் உழைப்பு வீண். வேறு எவரும் ஊதாத ஒரு சத்தம் வேண்டும்.

சுவேதா லீவுக்கு வந்தபோது போனில் ஒரு வீடியோ காட்டினாள். இரண்டு விரலை நாக்குக்கடியில் வைத்துச் சீட்டி அடிப்பது. "இதுக்குத் தொண்டையே வேணாம்மா. காத்துதான்."

முதலில் எச்சில்தான் தெறித்தது. மோட்டார் ரூமில், களை எடுக்கிற இடைவெளியில், பாத்திரம் விளக்கும்போது என்று ஊதிக்கொண்டே இருந்தாள். உதடு வீங்கியது. தலை கிறுகிறுத்தது. சுவேதா லீவு முடிந்து ஹாஸ்டலுக்குப் போயும் விட்டாள். அதற்கும் பிறகு ஒருநாள் திடீரென்று கத்தி மாதிரி ஒரு சத்தம் வந்தது. வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. சம்பங்கி பயந்துபோய் விரலை எடுத்துவிட்டாள். தன்னிடமிருந்து அத்தனை பெரிய சத்தம் வந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. உடனே மறுபடி அடித்தாள். நீளமாக ஒன்று, கடைசியில் மேலே தூக்கி ஒன்று. அதையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் பேச்சு கிளம்பியது. சென்னகிருஷ்ணன் முதலில் மாதேஸ்வரனிடம் சொன்னார். அவன் வந்து, "கொஞ்சம் மெதுவா அடியேன்," என்றான். அப்புறம் அவரே வரப்புக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா சம்பங்கி, சினிமாக் கொட்டாய்ல பசங்களாட்டம் பொம்பள சீட்டி அடிச்சா நல்லாவா இருக்குது?"

அவள் பதில் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் நாலெட்டு பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நான் வாயால கூப்ட்டா உங்களுக்குக் கேக்குமாண்ணா?" என்று மறுபடியும் கேட்டாள். "அன்னைக்கு நான் இந்தத் தொட்டிகிட்ட விழுந்து கெடந்தன். நீங்க மொபெட்ல அந்தப் பக்கமாத்தான் போனீங்க."

அவர் தொட்டியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். சீட்டி நல்லது என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. டீக்கடையில் பேச்சும் நிற்கவில்லை. சம்பங்கி அடிப்பதையும் நிறுத்தவில்லை.

மழைக்காலம் முழுக்க மிளகைப் பழக்கினாள். கோழி மேய்கிற இடத்தில், மற்ற நாய்கள் விளையாடும்போது, சாப்பாட்டுக்கு முன்னால். கீரிப்பிள்ளையைத் துரத்தும்போது மட்டும் மிளகுக்குச் சீட்டி கேட்காது. அங்கே மறுபடி கயிறு. வந்த ஒவ்வொரு தடவையும் கழுத்தைச் சொறிந்து, கையில் இருப்பதைக் கொடுத்து, திரும்பவும் விளையாட விட்டுவிடுவாள். கூப்பிட்டால் ஆட்டம் முடிந்துவிடும் என்று அது நினைக்கக்கூடாது.

ராகி கதிர் முற்றியது. சானமாவு காட்டிலிருந்து யானைகள் வருகிற காலம். கூட்டத்திலிருந்து பிரிந்த ஒற்றை யானை ஒன்று சுற்றுவதாக ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்திருந்தது. காலையில் மோட்டார் போட நிலத்துக்கு வந்தாள் சம்பங்கி. பனி இன்னும் விலகவில்லை. மிளகு முன்னால் ஓடியது. அந்தப் பக்க வரப்பில் சென்னகிருஷ்ணன் தன் இரண்டு நாய்களோடு நின்றிருந்தார்.

ராகிக்கு நடுவில் பாறை மாதிரி ஒன்று அசைந்தது. யானை கதிரை வேரோடு பிடுங்கி, காலில் தட்டி மண்ணை உதறித் தின்றுகொண்டிருந்தது. இவர்களை அது இன்னும் கவனிக்கவில்லை.

நாய்கள் கவனித்துவிட்டன. அவருடைய இரண்டும் குரைத்துக்கொண்டு பாய்ந்தன. மிளகும் பாய்ந்தது.

நாய் யானையிடம் போய்க் குரைத்தால் யானை துரத்தும். துரத்தினால் நாய் நேராகத் தன் எஜமானிடம்தான் ஓடிவரும், யானையையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் இது தெரியும். சீட்டி அடித்தால் தான் நிற்கிற இடம் யானைக்குத் தெரிந்துவிடும் என்பதும் சம்பங்கிக்குத் தெரியும். விரலை வாயில் வைத்து ஊதினாள். பயத்தில் வாய் உலர்ந்திருந்தது. காற்றுதான் போனது. நாக்கால் உதட்டை நனைத்தாள். மிளகு பாதித் தூரம் போய்விட்டது.

ஊதினாள். நீளமாக, கடைசியில் மேலே தூக்கி.

மிளகு நின்றது. யானையைப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கியபடியே திரும்பி இவளைப் பார்த்தது. பிறகு வயிறு மண்ணில் தேய ஓடி வந்து அவள் முழங்காலில் மோதியது. பட்டையைப் பிடித்து மோட்டார் ரூமுக்குள் இழுத்துப்போனாள். மடியில் இருந்த வறுத்த கடலையை அந்த அவசரத்திலும் அதன் வாயில் திணித்தாள்.

மற்ற இரண்டு நாய்களும் யானையின் காலடிவரை போய்விட்டன. யானை காதை விரித்துப் பிளிறிக்கொண்டு திரும்பியது. நாய்கள் வாலைச் சுருட்டி எஜமானை நோக்கி ஓடின. சென்னகிருஷ்ணன் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். பனியில் எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்றே தெரியாமல் திறந்தவெளிக்கு ஓடினார்.

சம்பங்கி கதவில் நின்றபடி மறுபடியும் சீட்டி அடித்தாள். அவர் திரும்பினார். தோளில் இருந்த சிவப்புத் துண்டை வீசிக் காட்டினாள். தக்காளிக் குச்சிகளை முறித்துக்கொண்டு வந்து உள்ளே விழுந்தார். கதவை இழுத்துத் தாழ் போட்டாள். நாய்கள் வேறுபக்கம் சிதறி ஓடிவிட்டன.

"என் நாய்ங்க..." என்று ஆரம்பித்தார்.

"பேசாதீங்கண்ணா," என்றாள் சம்பங்கி. அவள் பேசியது அந்தச் சின்ன அறைக்குள்ளேயே நின்றுகொண்டது. கை மிளகின் வாயைப் பொத்தியிருந்தது. வெளியே தக்காளிக் குச்சிகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. பெரிய மூச்சு ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. மூன்று பேரும் அசையவில்லை. பிறகு அந்தச் சத்தம் மெல்ல ராகிப் பக்கம் போனது. வெயில் ஏறியபின் வனத்துறை ஆட்கள் வந்து பட்டாசு வெடித்து யானையைக் காட்டுப்பக்கம் விரட்டினார்கள்.

ராகியில் பாதி போயிருந்தது. தக்காளியிலும் சேதம். நஷ்டஈட்டுக்காக வனக்காவலர் படம் எடுத்துப் போனார். சென்னகிருஷ்ணன் வெறுங்காலோடு வரப்பில் உட்கார்ந்து ரொம்ப நேரம் தண்ணீர் குடித்தார். "நல்ல வேளைம்மா," என்று மட்டும் சொன்னார். அவர் நாய்களில் ஒன்று சாயங்காலம் வந்தது, இன்னொன்று மறுநாள் நொண்டிக்கொண்டு வந்தது.

மிளகு அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியே வர மறுத்தது. சம்பங்கி விட்டுவிடவில்லை. பயம் உறைந்துபோனால் அப்புறம் எடுக்க முடியாது. வெயில் தாழ்ந்ததும் நிலத்துக்குக் கூட்டிவந்து, யானை மிதித்த குழிகளுக்குப் பக்கத்தில் கயிற்றோடு விட்டாள். தள்ளிப்போய்ச் சீட்டி அடித்தாள். மிளகு குழியைச் சுற்றிக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தது. கடலை கொடுத்தாள். மறுபடி தள்ளிப்போனாள்.

ஷிப்ட் முடிந்து விஷயம் கேட்டு ஓடிவந்த மாதேஸ்வரன் வரப்பில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒடிந்த குச்சிகளைப் பார்த்தான். மோட்டார் ரூம் கதவைத் தொட்டுப் பார்த்தான். கிட்டே வந்து, "எந்த ரெண்டு வெரலு?" என்று கேட்டான்.

காட்டினாள். அவன் வாயில் வைத்து ஊதினான். எச்சில் சட்டையில் தெறித்தது.

"நாக்க இன்னும் உள்ள மடிங்க," என்றாள் சம்பங்கி.